செப்புத் தகட்டில் சாஸ்கியா: ரெம்பிராண்ட் தம் மனைவியைப் பதித்த அச்சுப் படங்கள்



வரலாறு என்றதும் நமக்குப் போர், ஒப்பந்தம், மன்னர், ஆளுநர் இவைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். ஒருவர் தம் மனைவிமேல் வைத்த அன்பு வரலாறு ஆகுமா? ஆகும் என்றால் அதற்குச் சான்று எங்கே? அன்புக்கு ரசீது கிடையாது, முத்திரைத்தாள் கிடையாது. அப்படியிருக்க, 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு தம்பதியைப் பற்றி நாம் எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது.

படிவம் 1 வரலாற்றில் நம் மாணவர்கள் ‘சும்பர் பெர்தாமா’, ‘சும்பர் கெடுவா’ என்று படிக்கிறார்கள். முதன்மைச் சான்று, துணைச் சான்று. வரையறையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் ஒரு படத்தைக் கையில் கொடுத்து, “இது என்ன சொல்கிறது?” என்று கேட்டால் திணறுவார்கள். அதற்கு ஒரு நல்ல பயிற்சிக் களம், நெதர்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் தம் மனைவி சாஸ்கியாவைப் பதித்த சின்னச் சின்ன அச்சுப் படங்கள்.

யார் இந்த இருவர்?

ரெம்பிராண்ட் 1606இல் லெய்டன் நகரில் பிறந்தவர். அப்பா மாவு ஆலைக்காரர். சாஸ்கியா வான் அய்லன்பர்க் 1612இல் வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாநிலத்தின் லேவார்டன் நகரில் பிறந்தவர். அவருடைய அப்பா அந்த நகரின் மேயராக இருந்தவர். வசதியான, செல்வாக்கான குடும்பம். ஆனால் சாஸ்கியாவுக்கு ஏழு வயதிருக்கும்போது அம்மா தவறிவிட்டார். 1624இல் அப்பாவும் போய்விட்டார். கடைக்குட்டியான சாஸ்கியா உறவினர் அரவணைப்பில் வளர்ந்தார்.

அந்த உறவினர்களில் ஒருவர் ஹெண்ட்ரிக் வான் அய்லன்பர்க். ஆம்ஸ்டர்டாமில் ஓவிய வணிகம் செய்தவர். 1631 வாக்கில் ரெம்பிராண்ட் அவருடைய பட்டறையில் வேலை பார்க்க ஆரம்பித்தார். ஓவியருக்கும் சாஸ்கியாவுக்கும் அறிமுகம் ஏற்பட அந்த உறவுதான் வழிவகுத்தது. 1633 ஜூனில் நிச்சயதார்த்தம். 1634இல் ஃப்ரீஸ்லாந்தில் ஒரு கிராமத் தேவாலயத்தில் திருமணம். மணவாழ்க்கை எட்டு ஆண்டுகள்தான் நீடித்தது. 1642 ஜூன் 14ஆம் தேதி சாஸ்கியா இறந்தார். அவருக்கு 30 வயதுகூட நிறையவில்லை.

காலத்தை மனத்தில் நிறுத்த ஒரு வழி சொல்கிறேன். டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றிய ஆண்டு நம் மாணவர்கள் அனைவருக்கும் தெரியும்: 1641. அதே 1641இல்தான் சாஸ்கியா தம் கடைசிக் குழந்தை டைட்டஸைப் பெற்றெடுத்தார். மலாக்காவில் பீரங்கி முழங்கிய காலமும், ஆம்ஸ்டர்டாமில் இந்த அம்மா படுக்கையில் கிடந்த காலமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மூன்றாம் நாள் வரைந்த படம்

நம் ஆய்வு ஓர் அச்சுப் படத்தில் தொடங்கவில்லை. ஒரு கோட்டோவியத்தில் தொடங்குகிறது. பதப்படுத்திய தோல்தாளில் வெள்ளி முனையால் வரைந்த படம் அது. இப்போது பெர்லினில் இருக்கிறது. அகலமான வைக்கோல் தொப்பி, அதைச் சுற்றிப் பூக்கள், கையிலும் ஒரு பூ. கன்னத்தில் கைவைத்து, லேசான புன்னகையோடு ஓர் இளம்பெண் நம்மைப் பார்க்கிறாள். படத்துக்குக் கீழே ரெம்பிராண்ட் தம் கையெழுத்திலேயே விவரம் எழுதியிருக்கிறார்: இது தம் மனைவியைப் பார்த்து வரைந்தது, அப்போது அவருக்கு 21 வயது, நிச்சயமான மூன்றாம் நாள், 1633 ஜூன் 8.

இந்த நாலு வரியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இரண்டு இடம் இடிக்கிறது. முதலாவது, சாஸ்கியா பிறந்தது 1612 ஆகஸ்டில். அப்படியானால் 1633 ஜூனில் அவருக்கு 20 வயது முடிந்து 21 நடக்கிறது. நம் வீடுகளில் “பிள்ளைக்கு 21 நடக்குது” என்று சொல்வதுபோல் அவர் எழுதியிருக்கலாம். இரண்டாவது, நிச்சயம்தான் ஆகியிருக்கிறது, கல்யாணம் ஆகவில்லை. ஆனால் ‘மனைவி’ என்று எழுதுகிறார். அதனால் படத்தை அன்றைக்கு வரைந்துவிட்டு, எழுத்தைப் பிறகு சேர்த்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அப்படிச் சேர்த்திருந்தால் அதன் மதிப்பு குறைந்துவிடுமா? இல்லை. வேறொரு செய்தி கிடைக்கிறது. அந்த மூன்றாம் நாள் அவருக்கு மறக்கவில்லை. அதைக் குறித்து வைக்கவேண்டும் என்று பிறகும் தோன்றியிருக்கிறது. மேலும், இந்தக் கோட்டோவியம் ஆய்வாளர்களுக்கு ஓர் அளவுகோல். மற்ற படங்களில் இருக்கும் பெண் சாஸ்கியாதானா என்று கேட்கும்போது, ரெம்பிராண்ட் தாமே எழுதிக் காட்டிய இந்த முகத்தோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

எட்சிங் என்றால் என்ன?

அச்சுப் படங்களுக்கு வருவோம். ரெம்பிராண்ட் தம் வாழ்நாளில் சுமார் 290 அச்சுப் படங்கள் செய்தார். பெரும்பாலும் ‘எட்சிங்’ முறை. வகுப்பில் விளக்க வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம்.

மெல்லிய செப்புத் தகட்டின்மேல் மெழுகு கலந்த ஒரு பூச்சைப் பூசுவார்கள். பூச்சு காய்ந்ததும் ஊசியால் அதன்மேல் வரைவார்கள். ஊசி போன இடத்தில் பூச்சு விலகிச் செம்பு தெரியும். பிறகு தகட்டை அமிலத்தில் போடுவார்கள். பூச்சு இருக்கும் இடத்தை அமிலம் தொடாது. கோடு போட்ட இடத்தை மட்டும் அரித்துப் பள்ளமாக்கும். பூச்சைக் கழுவிவிட்டு, பள்ளங்களில் மை ஏற்றி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளை அச்சில் அழுத்தினால் படம் தாளில் இறங்கும். இடம் வலமாக, வலம் இடமாக மாறிவிடும். அதனால் கையெழுத்துச் சரியாக விழவேண்டுமானால் தகட்டில் தலைகீழ்க் கண்ணாடி எழுத்தாக எழுதவேண்டும்.

இந்தச் செய்முறையில் நமக்கு வேண்டிய விஷயம் இரண்டு. ஒன்று, உளி பிடித்துச் செம்பைச் செதுக்குவதற்குக் கைவலிமை வேண்டும். மெழுகில் ஊசியால் கீறுவது பேனாவால் எழுதுவதுபோல் லேசானது. கண்ணெதிரே இருப்பதை அந்த நேரத்திலேயே பிடித்துவிடலாம். இரண்டு, ஒரு தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம், விற்கலாம். ஆகவே எட்சிங் ஒரே சமயத்தில் அந்தரங்கமானது, சந்தைக்குரியதும்கூட. இந்த இரட்டைத் தன்மையை மறந்துவிட்டால் நம் முடிவு தப்பாகிவிடும்.

தகடுகளில் ஒரு மனைவி

திருமணம் நடந்த 1634ஆம் ஆண்டிலேயே, கூந்தலில் முத்துச்சரம் அணிந்த சாஸ்கியாவின் படம் வருகிறது. உயரம் 9 செ.மீ. கூட இல்லை. அடுத்த ஆண்டு, விரித்த கூந்தலோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் பெரிய படம். அதை இப்போது ‘பெரிய யூத மணமகள்’ என்கிறார்கள். இந்தப் பெயரை ரெம்பிராண்ட் வைக்கவில்லை. அவருடைய அச்சுப் படங்களுக்கு முதல் முழுப் பட்டியல் 1751இல்தான் பாரீஸில் வெளிவந்தது, அதாவது அவர் இறந்து 80 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு. இன்று நாம் சொல்லும் தலைப்புகளில் பல, பட்டியல் போட்டவர்களும் சேகரிப்பாளர்களும் வைத்தவை. ஆகவே படம் முதன்மைச் சான்று. தலைப்பு துணைச் சான்று. தேர்வில் இந்த வேறுபாட்டை எழுதுகிற மாணவர் தனித்துத் தெரிவார்.

1636இல் வந்தது, இருவரும் சேர்ந்திருக்கும் படம். தம்பதியாக இருவரும் இடம்பெறும் அச்சுப் படம் இது ஒன்றுதான். முன்னால் தொப்பி அணிந்த ரெம்பிராண்ட், வரைந்துகொண்டிருக்கிறார். மேசைக்குப் பின்னால், சற்றுச் சிறிய உருவமாகச் சாஸ்கியா. உடைகள் அன்றைய நாகரிகம் அல்ல. பழைய காலத்து வேஷம். ஆனால் காட்சி வீட்டுக்குள் நடப்பது. கணவர் வேலை பார்க்கிறார், மனைவி பக்கத்தில் இருக்கிறார். அவ்வளவுதான்.

அந்த 1636ஆம் ஆண்டு அந்த வீட்டுக்கு எப்படிப்பட்ட ஆண்டு தெரியுமா? முதல் குழந்தை ரும்பார்ட்டஸுக்கு 1635 டிசம்பரில் ஞானஸ்நானம் ஆயிற்று. 1636 பிப்ரவரியில் அடக்கம் செய்துவிட்டார்கள். ஆகவே, “இந்தப் படத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த சோகம் தெரிகிறது” என்று எழுதக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். தகட்டில் ஆண்டு இருக்கிறது, மாதம் இல்லை. முகத்தில் தெரிவது சோகமா, வேலையில் ஊன்றிய கவனமா என்பதும் பார்ப்பவரைப் பொறுத்தது. “பிள்ளையை இழந்த அதே ஆண்டில் இந்தப் படம் வெளிவந்தது” என்று எழுதலாம். அது உண்மை. அதற்கு மேலே போனால் அது கற்பனை.

அதே ஆண்டு இன்னொரு தகட்டில் பல பெண் தலைகளை வரைந்தார். அவற்றில் சாஸ்கியாவின் தலையும் ஒன்று. 1637இல் மூன்று பெண் தலைகள், ஒருத்தி தூங்கிக்கொண்டிருக்கிறாள். இவை யாரும் கேட்டு வாங்கிய உருவப்படங்கள் அல்ல. பயிற்சித் தகடுகள். வீட்டில் நடமாடும் ஒரு முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கீறியவை.

படுக்கையில் கிடந்த நாள்கள்

அடுத்து வருவது கடினமான பகுதி. 1638இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கொர்னேலியா என்று பெயர் வைத்தார்கள். சில வாரங்களில் இறந்தது. 1640இல் மறுபடியும் பெண் குழந்தை. அதே பெயரை வைத்தார்கள். அதுவும் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. 1641 செப்டம்பரில் பிறந்த டைட்டஸ் மட்டும் பிழைத்தான். ஆறு ஆண்டுகளில் நான்கு பிரசவம், மூன்று இழப்பு.

இந்தக் காலத்தில் சாஸ்கியா படுக்கையில் இருப்பதாக ரெம்பிராண்ட் வரைந்த கோட்டோவியங்கள் பல உண்டு. அச்சுத் தகடுகளிலும் அது நுழைகிறது. 1639 வாக்கில் செய்த ஒரு தகட்டில், நோயுற்றுப் படுத்திருக்கும் பெண்ணும், வேறு முகங்களும் உருவங்களும் கலந்து கிடக்கின்றன. ஒழுங்கான அமைப்பு இல்லை. நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் மாதிரி இருக்கிறது. அதே 1639இல் ‘கன்னி மரியாளின் மரணம்’ என்ற பெரிய படமும் வந்தது. திரை தொங்கும் பெரிய கட்டில், அதைச் சுற்றி மக்கள், நாடி பார்க்கும் ஒருவர். வீட்டில் நோயாளி கிடந்ததைப் பார்த்துப் பழகிய கண்தான் இதை வரைந்தது என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. நியாயமான ஊகம்; ஆனாலும் ஊகம்தான்.

கடைசியாக, 1641–42 காலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு சின்னப் படம். உயரம் ஏறக்குறைய 6 செ.மீ., அகலம் 5 செ.மீ. பாஸ்போர்ட் படத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தலையில் பெரிய வெள்ளைத் துணி சுற்றிய பெண். முகம் வாடியிருக்கிறது. கண்கள் எங்கேயோ. முத்து இல்லை, பூ இல்லை, வேஷம் இல்லை. 1633இல் தொப்பிப் பூக்களோடு சிரித்த முகத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒன்பது ஆண்டுகள்கூட இல்லை.

இதுதான் இந்தப் படங்களின் பலம் என்று நினைக்கிறேன். அழகாக இருக்கும்போது ஒரு முகத்தை வரைய நிறைய காரணம் இருக்கிறது. மாதிரிக்குக் கூலி கொடுக்க வேண்டாம், வாங்குபவருக்கும் பிடிக்கும். அந்த முகம் வாடிய பிறகும் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்துப் பதிப்பதற்குச் சந்தைக் காரணம் அவ்வளவாக இல்லை. ரெம்பிராண்டின் மனத்தில் இருந்த அன்பை நாம் அளக்க முடியாது. அவர் செலுத்திய கவனத்தை அளக்கலாம். அது தகட்டில் இருக்கிறது.

தாளில் இருப்பவை என்ன சொல்கின்றன?

எழுத்துச் சான்றுகளையும் பார்த்துவிடுவோம். ரெம்பிராண்ட் எழுதியதாக நமக்குக் கிடைத்த கடிதங்கள் ஏழே ஏழு. ஏழும் இளவரசரின் செயலாளர் கான்ஸ்டான்டைன் ஹெய்கன்ஸுக்கு 1636 முதல் 1639 வரை எழுதியவை. ஓவியம், விலை, பணம் எப்போது வரும், இதுதான் பொருள். மனைவிக்கு எழுதிய கடிதம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சாஸ்கியா எழுதிய கடிதமும் இல்லை.

1638இல் ஒரு வழக்கு நடந்தது. சாஸ்கியா தம் சொத்தை ஆடம்பரத்தில் கரைக்கிறார் என்று உறவினர் பேசியதற்கு எதிராக ரெம்பிராண்ட் நீதிமன்றம் போனார். தங்களுக்குச் செல்வம் நிறையவே இருக்கிறது என்று வாதாடினார். வழக்கு தள்ளுபடியானது. மறு ஆண்டே 13,000 கில்டர் விலையில் ஒரு பெரிய வீட்டை வாங்கினார். அந்தக் கடன் அவரைக் கடைசிவரை விடவில்லை.

பிறகு உயில். இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு, 1642 ஜூன் 5ஆம் தேதி சாஸ்கியா உயில் எழுதிவைத்தார். சொத்தில் தம் பங்கு மகன் டைட்டஸுக்கு. கணவர் மறுமணம் செய்யும்வரை அல்லது சாகும்வரை அதன் பலனை அவரே அனுபவிக்கலாம். சாஸ்கியாவின் விருப்பத்தை நாம் நேரடியாகத் தெரிந்துகொள்ளும் அரிய இடம் இது. படங்களில் அவரைப் பார்ப்பது கணவரின் கண். உயிலில் முடிவு அவருடையது.

பின்னால் நடந்ததை மறைக்க வேண்டாம்

அன்பைப் பற்றி எழுதும்போது மீதியை மூடிவைத்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு. வரலாற்றில் அது ஆகாது. சாஸ்கியா இறந்தபின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த கேர்ட்யே டிர்க்ஸ் என்ற பெண்ணோடு ரெம்பிராண்டுக்கு உறவு ஏற்பட்டது. சாஸ்கியாவின் நகைகள் சிலவற்றை அவருக்குக் கொடுத்தார். பிறகு மனக்கசப்பு வந்து, திருமண வாக்குறுதி தொடர்பாக வழக்கு நடந்தது. 1650இல் அந்தப் பெண் கௌடா நகரிலிருந்த பெண்கள் சீர்திருத்தச் சிறையில் அடைக்கப்பட்டார். அதில் ரெம்பிராண்டுக்கும் பங்கு இருந்தது. அதன்பின் ஹெண்ட்ரிக்யே ஸ்டோஃபல்ஸோடு வாழ்ந்தார், ஆனால் மணம் செய்துகொள்ளவில்லை. சாஸ்கியாவின் உயில் நிபந்தனை ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். 1656இல் நொடித்துப் போனார். வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு விற்றார்கள். 1662இல் சாஸ்கியாவைப் புதைத்த கல்லறை இடத்தையே விற்றார். 1669இல் இறந்தார்.

இதனால் அந்தச் சின்னப் படங்கள் பொய்யாகிவிடுமா? ஆகாது. ஒரு மனிதர் ஒரு காலத்தில் உண்மையாக அன்பு செலுத்தியதும், பிறகு வேறொருவரிடம் கடுமையாக நடந்துகொண்டதும் ஒரே வாழ்க்கைக்குள் இருக்க முடியும். இரண்டுக்கும் சான்று இருக்கிறது. இரண்டையும் எழுதுவதுதான் நேர்மை.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

இப்படி எழுதினால் மதிப்பெண் குறையும்: “ரெம்பிராண்ட் தம் மனைவியை உயிருக்கு உயிராக நேசித்தார். அவரைப் போன்ற கணவர் உலகில் இல்லை.” இதில் சான்று எங்கே? காலம் எங்கே?

இப்படி எழுதிப் பாருங்கள்: “1634 முதல் 1642 வரை ரெம்பிராண்ட் சாஸ்கியாவைப் பல அச்சுத் தகடுகளில் பதித்தார். தொடக்கப் படங்களில் அணிகலனும் வேஷமும் உண்டு. இறுதிக்காலப் படம் ஒரு நோயாளியின் முகத்தை அலங்காரமின்றிக் காட்டுகிறது. கடிதச் சான்று இல்லாத நிலையில், அவர் மனைவிமீது தொடர்ந்து செலுத்திய கவனத்துக்கு இப்படங்களே முக்கியச் சான்று. ஆயினும் சில படங்களில் இருப்பவர் சாஸ்கியாதான் என்பது ஒப்பீட்டால் வந்த முடிவு.” காலம், சான்று, விளக்கம், வரம்பு என நான்கும் இதில் வந்துவிட்டன.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: ஆம்ஸ்டர்டாமில் அவர் வாங்கிய அதே வீடுதான் இன்று ரெம்பிராண்ட் இல்ல அருங்காட்சியகம். அவருடைய அச்சுப் படங்கள் ஏறக்குறைய முழுவதும் அங்கே இருக்கின்றன. 1636ஆம் ஆண்டுத் தம்பதி படத்தையும் வெள்ளைத் துணி சுற்றிய நோயாளியின் படத்தையும் அவற்றின் உண்மையான அளவிலேயே அச்சிட்டு மாணவர் கையில் கொடுங்கள். திரையில் பெரிதாகக் காட்டினால் அந்தச் சிறுமை தெரியாது. கிட்டே கொண்டுபோய்ப் பார்க்கவேண்டிய படங்கள் அவை.

வகுப்பறைக் கலந்துரையாடலுக்கு

1. 1633ஆம் ஆண்டுக் கோட்டோவியத்தின் கீழுள்ள எழுத்து பிறகு சேர்க்கப்பட்டது என்று வைத்துக்கொண்டால், அது இன்னும் முதன்மைச் சான்றுதானா? ஏன்?

2. அச்சுப் படம் விற்பனைக்கும் உரியது. அப்படியிருக்க அதை அந்தரங்கமான சான்று என்று சொல்லலாமா? இருபுறமும் வாதிடுக.

3. சாஸ்கியாவின் உயிலையும் ரெம்பிராண்டின் படங்களையும் ஒப்பிடுக. சாஸ்கியாவைப் பற்றி எது நமக்கு அதிகம் சொல்கிறது?

4. உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டியின் பழைய படம் ஒன்றை எடுங்கள். யார் எடுத்தது, எப்போது, எதற்காக, பின்பக்க எழுத்து யாருடையது என்று விசாரித்து ஒரு பக்கம் எழுதுக. ‘உறுதியாகத் தெரிந்தவை’, ‘ஊகிப்பவை’ என இரண்டு பத்தியாகப் பிரித்து எழுத வேண்டும்.

நான்காம் கேள்வியை மட்டும் வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். மாணவர்கள் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசவேண்டி வரும். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளட்டும்.